அணாவுக்கு ஒரு டிகிரி

1. பஞ்சுக்கு அடியில்

ரோசி அக்கா அந்த ரசீதுப் புத்தகத்தை என் மடியில் போட்டபோது நான் டூட்டி ரூமில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் முப்பது கட்டில் உள்ள ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அது. காலை டிரெஸ்ஸிங் முடிந்து பத்து மணி இருக்கும். புத்தகத்தின் அட்டையில் நர்சுகள் சங்கம் என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் முதலில் செய்த காரியம், பஞ்சை எடுத்து அதன் மேல் பரப்பியது.

"இன்னாத்துக்கு மூடற? கொயந்தையா அது, குளுர்றதுக்கு?" என்றார் ரோசி அக்கா. "இனிமே நீதான் வசூல் பண்ணப் போற."

நான் நாலாம் கிளாசோடு நின்றவள். தம்பி பிறந்தபோது அவனைத் தூக்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்புறம் ஆயாவாக ஆஸ்பத்திரிக்குள் வந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, வாய்ப் பரீட்சை கொடுத்து மிட்வைஃப் ஆனேன். மற்ற ஒன்பது நர்சுகளுக்கும் என்னைவிடப் படிப்பு அதிகம்.

"எனக்குக் கணக்கு வராது அக்கா."

"கணக்கு வர்றவ கையில காசக் குடுத்தா அவ கணக்குப் பண்ணிடுவா. பயந்தவ கையில குடுத்தா குடுத்தது அப்பிடியே கீது."

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் சங்கத்தில் பிறந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அது புதுப் பேச்சு. மில்லில் சங்கம் இருந்தது, துறைமுகத்தில் இருந்தது. நர்சுக்கு எதற்குச் சங்கம், சேவைதானே செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். ரோசி அக்காவுக்கு அதற்கு முந்தின வருஷம் ஒரு செப்டிக் கேஸிலிருந்து விரலில் சீழ் பிடித்து, ஒரு மாதம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தார். சம்பளம் கிடையாது. தையல் மிஷினை விற்றார். கை நேரானதும் முதல் வேலையாகப் பட்டணத்தில் இருந்த சங்கத்தைத் தேடிப் போனார்.

அவர்கள் சொன்னது இதுதான். ஓர் ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கு வாரம் ஓரணா வீதம், பன்னிரண்டு வாரத்துச் சந்தாவைப் பாக்கியில்லாமல் கட்டினால் அது கிளை. கிளையில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் பாதிச் சம்பளம் சங்கம் கொடுக்கும். ஒன்பது பேர் என்றால் கிளை இல்லை, சும்மா ஒன்பது பேர்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததே பத்து நர்சுகள்.

2. சார்ட்

டூட்டி ரூம் சுவரில் மேட்ரன் அம்மா கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் ஒன்று தொங்கியது. ஆஸ்பத்திரிக்குள் யாரும் யாரிடமும் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் அன்றே வேலை போகும். அதைச் சங்கத்துக்காக எழுதவில்லை. பிள்ளை பிறந்ததும் ஆண் என்றால் எட்டணா, பெண் என்றால் நாலணா என்று ஆயாக்கள் வாசலில் கைநீட்டுவார்கள். அதற்காக எழுதியது. ஓர் ஆயாவை என் கண்ணெதிரே அனுப்பினார்கள். அவள் முந்தானையில் முடிந்திருந்தது வெறும் நாலணா.

என் வீட்டுக்காரருக்கு இதற்கெல்லாம் முன்பே துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் நசுங்கிவிட்டது. கட்டையை ஊன்றி வாசல் வரை வருவார். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் பதினெட்டு ரூபாயில். ஆகவே அந்த நோட்டீஸை நான் தினமும் படிப்பேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வேர்த்துவிடும்.

ரசீதுப் புத்தகத்தை வீட்டுப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆனால் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் குறித்தாக வேண்டும். பெயரும் காசும் சேர்ந்து எழுதிய காகிதம் என் கையில் அகப்பட்டால் என் கதி என்ன? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஒரு நோயாளிக்கு டெம்பரேச்சர் பார்த்துச் சார்ட்டில் புள்ளி வைக்கும்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது.

கட்டம் போட்ட அந்தச் சார்ட் எனக்குப் புத்தகத்தைவிடப் பழக்கம். குறுக்கே நாள், மேலே ஏறினால் காய்ச்சல். பத்து வெறும் சார்ட் எடுத்தேன். ஆளுக்கு ஒன்று. பெயர் எழுதும் இடத்தில் இங்கிலீஷில் ஒரே ஓர் எழுத்து. ரோசி அக்காவுக்கு ஆர், அஞ்சலை என்ற எனக்கு ஏ. நாளுக்குள்ள கட்டத்தை வாரம் என்று வைத்துக்கொண்டேன். சந்தா கட்டினால் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, நார்மல். ஒரு வாரம் கட்டாவிட்டால் ஒரு டிகிரி ஏறும். இரண்டு வாரம் என்றால் இரண்டு. பாக்கியைக் கட்டியதும் இறங்கும். அணாவுக்கு ஒரு டிகிரி.

ரோசி அக்காவிடம் காட்டியபோது ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பெஞ்சே ஆடியது.

"நாலாங் கிளாசுன்ன. எந்த ஊரு நாலாங் கிளாசும்மே அது?"

என் வேலையில் அதற்கு முன் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அன்றைக்கு டிராமுக்குக் காத்திராமல் பாதி வழி நடந்தே போனேன். கால் தரையில் நிற்கவில்லை.

3. எல்லாருக்கும் ஏறியது

ஒரு வாரத்துக்குள் அது பேச்சாகிவிட்டது. லேபர் ரூம் வாசலில், ஸ்டெரிலைசர் பக்கத்தில், எங்கே பார்த்தாலும், "நீ நார்மலா?" "எனக்கு இன்னிக்கு எறக்கிடு." "அவளுக்கு ரெண்டு நாளா நூறு, ஆளப் பாத்தா முக்காடு போட்டுகினு போறா." நோயாளிகள் முன்னாலேயே சந்தா கேட்கலாம், யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர்கூட மாலையில் வாசலில் உட்கார்ந்தபடி, "இன்னா அஞ்சல, ஒங்க ஆஸ்பத்திரில இன்னிக்கு எத்தினி பேருக்கு ஜொரம்?" என்பார்.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் இறங்கவே இல்லை. பெரிய சிஸ்டர் சாரதாம்பாள்.

சின்ன வயதில் புருஷனை இழந்து, தலையில் முக்காடோடு வந்தவரை மேட்ரன் அம்மா சேர்த்துக்கொண்டு படிக்க வைத்து நர்ஸ் ஆக்கினாராம். ஆஸ்பத்திரியில் அவரைவிடச் சுத்தமாகக் கட்டில் போடுகிற ஆள் கிடையாது. மேட்ரன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் என்றால் அவர் கிட்டவே வரமாட்டார். நான் வாரா வாரம் போய் நிற்பேன்.

"பெரிய சிஸ்டர், ஓரணா..."

"ஏண்டி அஞ்சலை, எனக்குச் சோறு போட்டவாளை ஏமாத்திட்டு ஓரணா கொடுக்கச் சொல்றியா? போய் பெட்பேன் அலம்பு."

முதல் வாரம் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. அடுத்த வாரம் நூறு புள்ளி நாலு. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது. எட்டாம் வாரம் நூற்றாறு புள்ளி நாலு. அதற்கு மேல் சார்ட்டில் புள்ளி வைக்க இடமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"அத்தோட முடிஞ்சி போச்சி. பாவம், நல்ல மனுசி," என்று ரோசி அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. பத்தாவது ஆள் இல்லாவிட்டால் கிளை இல்லை. இதில் இன்னொரு இடி விழுந்தது. ஒன்பதாம் வாரம் புது யூனிபாரம் வந்தது. அதன் விலையை எல்லாருடைய சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். அந்த மாதம் ஒருத்தரும் சந்தா கட்டவில்லை, நானும்தான். ஒன்பது சார்ட்டிலும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கிளம்பி, பதினோராம் வாரத்தில் எல்லாருக்கும் நூற்றொன்று புள்ளி நாலு. இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பத்துச் சார்ட்டையும் டூட்டி ரூம் அலமாரியில் வெறும் சார்ட் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, சம்பள நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

4. புது டாக்டரம்மா

அந்த வாரம் புது டாக்டரம்மா ஒருவர் சேர்ந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. வந்த மறுநாள் காலை ரவுண்டில் ஒரு நோயாளிக்குச் சார்ட் தீர்ந்துவிட்டது. எங்களைக் கூப்பிடாமல் அவரே அலமாரியைத் திறந்து கட்டை உருவினார்.

நான் வாசலில் கிருமி கொல்லும் லைசால் கரைத்த வாளியோடு நின்றேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டுவதைப் பார்த்தேன். வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"மேட்ரன், கொஞ்சம் இங்க வாங்க."

மேட்ரன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலோ இந்தியர். அப்பா ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஓட்டினவர். அமைதியாக இருந்தால் இங்கிலீஷ். கோபம் வந்தால் ரயில்வே லைனில் சின்ன வயதில் கற்ற மெட்ராஸ் பாஷை தானாக வந்துவிடும். எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். அவர் இங்கிலீஷில் திட்டினால் யாரும் பயப்பட மாட்டோம்.

டாக்டரம்மா சார்ட்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "இதப் பாருங்க. எஸ்னு ஒரு கேஸ். எட்டு நாள்ல படிப்படியா ஏறி நூத்தாறு. அப்புறம் புள்ளியே இல்ல. இறந்திருக்கணும். மறுநாள்ல இருந்து மத்த ஒன்பது பேருக்கும் ஒண்ணா ஏறுது. கட்டில் நம்பர் எழுதல, முழுப் பேர் எழுதல. யாரோ வேணும்னே மறைச்சிருக்காங்க. இது பிரசவ ஜன்னி, மேட்ரன். உங்க வார்டுல பரவிட்டு இருக்கு."

ஜன்னி என்ற வார்த்தை விழுந்ததும் மேட்ரன் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஆயாவாக இருந்தபோது ஒரு தடவை வந்தது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு எங்கள் கைவழியாகவே போகும். பச்சை உடம்புக்காரிகள் ஏழு நாளில் போய்விடுவார்கள். அப்போது வார்டையே மூடிச் சுண்ணாம்பு அடித்தோம். மேட்ரன் அம்மா பயந்தது சரி. டாக்டரம்மா பார்த்ததும் சரி. அந்தச் சார்ட்டை யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"கேட்டை மூடச் சொல்லுங்க. ஒரு கேஸ்கூட உள்ள வரக் கூடாது. முப்பது கட்டில்லயும் நானே டெம்பரேச்சர் எடுக்கிறேன்," என்றார் டாக்டரம்மா.

முப்பது பேருக்கு எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒருத்தருக்கும் காய்ச்சல் இராது. டாக்டரம்மா குழம்புவார், கேட்டைத் திறப்பார்கள், சார்ட் மட்டும் மர்மமாகப் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். ரோசி அக்காவும் எதிரே நின்று அதையேதான் கண்ணால் சொன்னார்.

5. கேட்

நல்ல யோசனைதான். கால் மணிகூட நிலைக்கவில்லை.

கேட்டில் சத்தம் கேட்டது. நானும் மேட்ரன் அம்மாவும் வராந்தாவுக்கு வந்தோம். காத்திவாக்கத்திலிருந்து ஒரு ஜட்கா வந்து நின்றிருந்தது. வண்டிக்குள் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அவள் புருஷன் வலை இழுக்கிற ஆள், இடுப்பில் துணி, உடம்பெல்லாம் உப்பு. கேட்டைப் பிடித்து உலுக்கினான். உள்ளே வாட்ச்மேன் தாவூத் பாய்.

"தொறக்க உத்தரவு இல்ல நைனா. பெரிய ஆஸ்பத்திரிக்கி ஓட்டிகினு போ."

"பாய், கால் வந்துடிச்சி பாய். தம்மாத்தூண்டு காலு. வெளிய தொங்குது. மருத்துவச்சி கையி வைக்க மாட்டேன்னுட்டா. எங்க போவ நானு?"

"உள்ள ஜன்னியாம். ஒம் பொஞ்சாதிய அதுல கொண்டாந்து தள்ளுவியா?"

ஜன்னி என்றதும் அவன் கை கேட்டிலிருந்து தானாக விலகியது. பின்னால் ஓர் அடி வைத்தான். வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தான்.

கால் முதலில் வரும் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஜட்காவில் குலுக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உடம்பு வந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். வண்டியிலேயே முடிந்துவிடும். வண்டிக்காரன் சாட்டையை எடுத்துவிட்டான். என் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. நாலணா முடிந்திருந்த அந்த ஆயாவின் முந்தானையும் ஞாபகம் வந்தது. வாய் எப்படித் திறந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மேட்ரன் அம்மா, அது காய்ச்சல் இல்ல. சந்தா."

"இன்னாது?"

"நர்சுங்க சங்கத்துச் சந்தா. நான்தான் சார்ட்ல போட்டேன். அணாவுக்கு ஒரு டிகிரி."

டாக்டரம்மா தெர்மாமீட்டரோடு வராந்தாவுக்கு வந்திருந்தார். நான் பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்தார். "அப்போ எஸ்? அந்தப் பொண்ணு செத்துப்போச்சே?"

நான் கையை நீட்டினேன். பெரிய சிஸ்டர் சாரதாம்பாள் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டைப் பிடித்தபடி டாக்டரம்மாவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இவங்கதான் டாக்டரம்மா. பதினோரு வாரமா கட்டல."

"நான் செத்துட்டேனாடி?" என்றார் பெரிய சிஸ்டர்.

மேட்ரன் அம்மா உள்ளே ஓடிச் சார்ட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "எம்முனு கீது. இது யாரு? ஆறாவது கட்டத்துல ஏன் எகிறிகினு கீது?"

"மேரி, அம்மா. அந்த வாரம் தங்கச்சி நிச்சயதார்த்தம்னு நாலு நாள் லீவுல போச்சி. ஓரணா நின்னுபோச்சி. திரும்பி வந்து ரெண்டணாவாக் கட்டிடிச்சி. அதான் ஏழாவதுல எறங்கிடிச்சி."

மேட்ரன் அம்மா சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஒரு மூச்சு விட்டார், மாலையில் கூடையை இறக்கி வைத்தவள் மாதிரி. அப்புறம் கேட்டைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் தாவூது, கேட்டைத் தொறடா. இன்னாடா முழிக்கிற? தொற."

என் பக்கம் திரும்பி, "நீ கை கழுவிகினு லேபர் ரூமுக்கு வா. ஒன்னிய அப்பறமாப் பாத்துக்கறேன்," என்றார்.

6. நார்மல்

முழங்கை வரை கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். லேபர் ரூமுக்குள் போனதும் நோட்டீஸ் மறந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பயமெல்லாம் வாசல் வரைக்கும்தான் என்னோடு வரும்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. அவசரப்படவில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் பிள்ளையின் காலைச் சுற்றிப் பிடித்து, வலி வரும் வரை காத்திருந்தார். இடுப்பு வந்தது. ஒரு கை, மறு கை. தலை நின்றது. "அழுத்து," என்றார். நான் அடிவயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, சொன்ன திசையில் அழுத்தினேன். மேட்ரன் அம்மா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச வுடாத கண்ணு, முக்கு, இன்னும் ஒண்ணு," என்று அவள் பாஷையிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். தலை வந்துவிட்டது.

பெண் குழந்தை. நீலமாக இருந்தது. பெரிய சிஸ்டர் வாங்கித் தலைகீழாகப் பிடித்து, வாயைத் துடைத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்கு அது கத்தியது. கேட் வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே தாவூத் பாய் யாருக்கோ சலாம் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா தாய்க்கு டெம்பரேச்சர் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நார்மல்," என்றார்.

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ரோசி அக்காதான் முதலில் சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தார். அப்புறம் மேரி. டாக்டரம்மாவின் உதடும் கோணிக்கொண்டு போனது. மேட்ரன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். சந்தா எதற்கு, எத்தனை பேர், பணம் எங்கே போகிறது என்று ஒன்று விடாமல் கேட்டார். சொன்னேன். ரோசி அக்காவின் தையல் மிஷினைப் பற்றியும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கி உண்மைய சொன்ன. அது நல்லது. சார்ட்ல பொய் எழுதின. அது கெட்டது. ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சி போவாது அஞ்சல, ரெண்டும் தனித்தனி. ஒரு டாக்டர் சார்ட்ட நம்பித்தான் மருந்து குடுப்பா. நீ இன்னிக்கி ஒரு கொயந்தைய கொன்னிருப்ப. பதினஞ்சி நாள் வேலைக்கி வராத. சம்பளம் கெடையாது. பத்து சார்ட்டு வெலையும் கட்டிடு."

"சங்கம், அம்மா?"

"கேட்டுக்கு அந்தாண்ட இன்னா பண்றீங்கோன்னு நான் ஏன் பாக்கப் போறேன்?"

இதை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன். வேலை போகவில்லை. அது போதும் என்று இருந்தது.

7. பத்தாவது ஆள்

வீட்டில் முதல் மூன்று நாள் அரிசி இருந்தது. நாலாம் நாளிலிருந்து எனக்குப் பழைய கவலை வந்துவிட்டது. அன்று மத்தியானம் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "அஞ்சல, யாரோ பெரிய மனுசி வர்றாங்கோ. ஒன்னிய திட்டத்தான் வர்றாங்கோ போலகீது, நடைய பாரு," என்றார்.

பெரிய சிஸ்டர் சாரதாம்பாள். வெயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்தார்.

"செத்தவ வந்திருக்கேன். பன்னெண்டு அணா. எண்ணிக்கோ."

"மேட்ரன் அம்மாவுக்குத் தெரியாம..." என்று இழுத்தேன்.

"அவரைக் கேட்டுட்டுத்தான் வரேன். 'நான் ஒனக்கு வேலை குடுத்தேன், காவல் போடலை'ன்னார். என்ன பாக்கறே? ரசீது கொடு. இன்னியோட பன்னெண்டாவது வாரம் முடியறதுன்னு ரோசி சொன்னா. மத்தவாளுக்கெல்லாம் நேத்தே இறங்கிடுத்தாம், உன்னைத் தவிர."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் பாக்கி நாலணா. என் சம்பளம் திரும்ப வேலைக்குப் போன பிறகுதான் கைக்கு வரும், வீட்டில் இருந்தது ஓரணா. வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து பீடிக்கு வைத்திருந்த இரண்டணாவை எடுத்துப் படியில் வைத்தார். மிச்சம் ஓரணாவைப் பெரிய சிஸ்டர் வைத்தார். "கடன்தான். அடுத்த மாசம் கொடுத்துடணும்," என்றார். பெட்டியைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். பெயரை முழுசாக எழுதினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, சாரதாம்பாள் என்று. கை வலிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோசி அக்கா வீட்டில் கிளையின் முதல் கூட்டம். ஒரு பாய், பத்துப் பேர், வெளியே மீன் காய்கிற வாசனை. ரோசி அக்கா பட்டணத்திலிருந்து கொண்டுவந்த கிளை அனுமதிக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ரோசி அக்கா இன்னொரு காகிதத்தை எடுத்தார். உதவி மனு. என் பெயர் எழுதியிருந்தது. பதினைந்து நாளைக்குப் பாதிச் சம்பளம், நாலரை ரூபாய். காரணம் என்ற இடம் மட்டும் காலி.

"உடம்பு சரியில்லாதவங்களுக்குத்தான அக்கா குடுப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்லியே," என்றேன்.

"காய்ச்சல்னு போடறேன். நூத்தி ஒண்ணு புள்ளி நாலு. சார்ட்ல கீது. டாக்டரம்மாவே பாத்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வேர்த்தது. மறுபடியும் பொய்யா என்று காகிதத்தை ரோசி அக்காவிடமே தள்ளினேன். பெரிய சிஸ்டரும் முகத்தைச் சுளித்தார். "இல்லாத ஜுரத்தை எழுதப்படாது. ஒரு தரம் பட்டது போறாதா?" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே, நர்ஸ் பழக்கத்தில், புறங்கையை என் நெற்றியில் வைத்தார். எடுக்கவில்லை. கழுத்தில் வைத்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார்.

"அடி அசடே, நிஜமாவே கொதிக்கறதேடி. எத்தனை நாளா?"

நாலைந்து நாளாகவே உடம்பு வலித்தது உண்மை. கவலையில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேரி பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து என் நாக்குக்கு அடியில் வைத்தாள். மற்ற ஒன்பது பேரும் என்னைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். பெரிய சிஸ்டர் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரோசி அக்காவிடம் சொன்னார்.

"நூறு புள்ளி நாலு. நான் பார்த்தேன். இதை எழுதிக்கோ, அதை எழுதாதே. கையெழுத்து நான் போடறேன்."

எங்கள் கிளையின் முதல் உதவி அப்படித்தான் எழுதப்பட்டது.

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பயந்தவள் சங்கத்துக்கு ஆகமாட்டாள் என்று நினைக்காதீர்கள். பயந்தவள் கையில் காசு பத்திரமாக இருக்கும் என்று ரோசி அக்கா சொன்னது சரியாகத்தான் போனது. ஆனால் சார்ட்டில் விளையாடாதீர்கள். அதில் வைக்கிற புள்ளியை நம்பி யாரோ கேட்டைத் திறப்பார்கள், மூடுவார்கள். சந்தாவுக்கு ரசீதுப் புத்தகம் இருக்கிறது. அதில் முழுப் பெயரை எழுதுங்கள்.